வலுவிழந்த புயல்

தமிழில் 'மாலுமி' என வழங்கும் சொல், 'முஅல்லிம்' என்னும் அறபுச் சொல்லின் திரிபு என்பர் அறிஞர். கப்பலுக்கு வழிகாட்டியவரும் முஅல்லிம். மதறஸாவில் ஓதிக்கொடுக்கும் நாமும் முஅல்லிம். இவ்வுறவு பற்றியே கடல் நூல்களின்பால் நமக்கு நெடுநாளாக ஒரு நாட்டம் உண்டு.

கி.பி. 15-ஆம் நூற்றாண்டில் ஜுல்ஃபாரில் பிறந்த அஹ்மது இப்னு மாஜித் அவர்கள், தமது 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் நூலில், எத்துறையிலிருந்து எந்நாளில் பாய் விரிக்கலாம், எப்பொழுது கடல் மூடும் என்பதை நாட்கணக்கோடு வரைந்துள்ளார். 'மவ்ஸிம்' என்பது அக்கணக்கே. ஆயினும், எழுந்துவிட்ட புயல் எவ்விடத்தே தளரும் என்று முன்னறிய அந்நாளில் வழியில்லை.

அவ்வழி துணைக்கோள்கள் வந்த பின்னரே பிறந்தது. அமெரிக்கரான வெர்னன் டிவோராக் என்பார், மேகச் சுருளின் வடிவைக் கொண்டே காற்றின் வேகத்தை மதிப்பிடும் முறையை 1970-களில் வகுத்தார். புயலின் கண் மங்கி, சுருள் குலையுமாயின் தளர்ச்சி தொடங்கிற்று என்பது பொருள். இனித் தளருமா என்பதற்கோ, அது செல்லும் வழியை நோக்க வேண்டும். வெதுவெதுப்பான கடல்நீரே புயலின் உணவு. அறபிக்கடலின் மேற்கே நீர் குளிர்ந்திருந்தாலோ, பாலைநிலத்து வறண்ட காற்று உள்ளே புகுந்தாலோ, புயல் மெலியத் தொடங்கும்.

2007 ஜூன் மாதத்துக் 'கோனு' அவ்வாறே மெலிந்தது. (மாலைத்தீவார் சூட்டிய பெயர், ஓலைப்பை என்று பொருளாம்!) ஜூன் 4-இல் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்ற காற்று, மறுநாள் ஓமானின் கீழ்முனையை நெருங்குகையில் ஏறத்தாழ 150-ஆகக் குறைந்தது. வானொலிச் செய்தி கேட்ட நாம், மஸ்கத்தில் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீட்டாரிடம் சென்று, "புயல் தளர்ந்துவிட்டது, கவலை வேண்டாம்" என்று ஆறுதல் கூறினோம். அவசரப்பட்டுவிட்டோம்.

தளர்ந்தது காற்று மட்டுமே. அது சுமந்து வந்த நீர் தளரவில்லை. ஹஜர் மலைத்தொடரில் மோதி மேலெழுந்த ஈரக்காற்று, ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழையே காணும் அந்நாட்டில், சிலவிடங்களில் 600 மில்லிமீட்டருக்கும் மேலாகக் கொட்டித் தீர்த்தது. 'வாதி' எனப்படும் வறண்ட ஓடைகள் நொடியில் ஆறுகளாயின. ஓமானில் மட்டும் ஏறத்தாழ 50 உயிர்கள் போயின. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொண்டது வெள்ளமே. நாம் ஆறுதல் கூறிய வீடுகளுக்குத் தொலைபேசி வரச் சில நாட்களாயின. அதுவரை அத்தெரு வழியே நடக்க நமக்குக் கால் வரவில்லை.

காற்றின் வேகத்தை மட்டும் கொண்டு புயலை எடைபோடும் வழக்கம் இன்னும் போகவில்லை. 2021 செப்டம்பரில் ஆந்திரக் கரையைக் கடந்த 'குலாப்' நிலத்தின்மேல் நலிந்து, வெறும் தாழ்வாக அறபிக்கடலில் இறங்கியது. அங்கே மீண்டும் வலுப்பெற்று, 'ஷாஹீன்' என்னும் புதுப்பெயருடன் அக்டோபர் 3-இல் ஓமானின் வடகரையைத் தாக்கிற்று.