தனி இலை

சமைத்த சோற்றைக் காசுக்குப் போடும் இடத்துக்குத் தமிழில் நல்ல சொல் ஒன்று கிடையாது. ஹோட்டல் என்கிறோம், தங்குவதற்கு அங்கே அறை இருக்காது. நம் தாத்தாக்கள் கிளப் என்றார்கள். அதற்கு உறுப்பினர் எவரும் இல்லை. மெஸ் பட்டாளத்திலிருந்தும் கல்லூரி விடுதியிலிருந்தும் வந்தது. கறி கிடைக்கிற கடை மிலிட்டரி ஹோட்டல் ஆயிற்று. சத்திரம் நமக்குப் பழக்கம்தான், ஆனால் சத்திரத்துச் சோறு விலைக்கல்ல. யாருக்குக் கூடத்தில் இலை, யாருக்கு வாசலில் என்பதைக் கட்டிவைத்தவரே தீர்த்துவிட்டுப் போயிருப்பார். சோற்றுக்கடை என்று ஒரு சொல் உண்டு. அதைச் சொல்லும்போதே உதடு கொஞ்சம் கோணும்.

இது சொல்வளம் பற்றிய பிரச்னை அல்ல. முன்பின் தெரியாத ஒருவன் கையில் காசோடு வந்து, இன்னொரு தெரியாதவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்ற காரியத்துக்கே நம் சமூக ஏற்பாட்டில் இடமில்லை. காரியம் வெளியிலிருந்து வந்தது. சொல்லும் அதன் கூடவே வந்தது.

பேட்டை என்றால் ஊரை ஒட்டிச் சரக்கு வந்திறங்கிச் சந்தை கூடுகிற இடம். நான் குடியிருக்கும் பேட்டை, திருநெல்வேலி டவுனுக்கு மேற்கே, சேரன்மாதேவி ரோட்டில் இருக்கிறது. நெசவுக்காரர்கள், வண்டிக்காரர்கள், பிற்பாடு மதிதா இந்துக் கல்லூரிக்கு வந்த வெளியூர்ப் பையன்கள் என்று வீட்டுச் சாப்பாட்டுக்கு வழியில்லாத ஜனங்கள் எப்போதும் இருக்கிற ஊர். இப்படிப்பட்ட இடங்களில்தான் சாப்பாட்டுக்கடை தேவைப்படும். தேவைப்படும் இடத்தில்தான் சிக்கலும் வரும். 1900களின் ஆரம்பத்தில் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் போட்டபோது, பேட்டைக்கு ஒரு ஸ்டேஷன், அடுத்தாற்போல் சேரன்மாதேவிக்கு ஒரு ஸ்டேஷன் வைத்தார்கள். ரயில் பெட்டியை வெள்ளைக்காரன் கட்டணத்தால் பிரித்தான், ஜாதியால் பிரிக்கவில்லை. ஆனால் அதே தென்னிந்திய ரயில்வே, தன் ஸ்டேஷன்களின் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம், மற்றவருக்குத் தனியிடம் என்று 1941 வரை வைத்திருந்தது. முழங்காலும் முழங்காலும் இடிக்க மணிக்கணக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வந்த இரண்டு பேர், இட்லி சாப்பிட இரண்டு வாசலுக்குப் போனார்கள். வங்கியில் நாள் முழுக்க நோட்டு எண்ணுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். அழுக்கேறிய, எச்சில் தொட்டு எண்ணப்பட்ட நோட்டு கை மாறுவதற்கு இந்த நாட்டில் யாரும் தீட்டுப் பார்த்ததில்லை. டம்ளருக்குத்தான் பார்த்தார்கள்.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது சமீபத்தில் சாப்பிட்ட ஒரு சாப்பாடு. நெடுஞ்சாலை ஓரத்தில் இப்போது அங்கங்கே தெரிகிற ரகத்தைச் சேர்ந்த கடை; பெயர் இங்கே வேண்டாம். ஓலை வேய்ந்த முகப்பு. உள்ளே பட்டப்பகலிலும் அரையிருட்டு, அந்த இருட்டில் அரிக்கேன் விளக்கு. சுவரில் வண்டிச் சக்கரம். மூலையில் யாரும் ஆட்டாத ஆட்டுரல். பித்தளை டம்ளர். பாரம்பரியச் சாப்பாடு என்று பலகை. நெல்லையில் இருட்டுக்குத் தனி மவுசு உண்டு; டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே ஒரு மங்கலான பல்பிலேயே பேர் வாங்கிய அல்வாக் கடை இருக்கிறது. அங்கே இருட்டு சிக்கனத்தில் பிறந்தது. இங்கே இருட்டுக்குச் செலவு செய்திருக்கிறார்கள்.

சாப்பாடு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொதி போட்டார்கள். தேங்காயின் முதல் பாலும் இரண்டாம் பாலும் பிரித்து, பாசிப்பருப்பு சேர்த்து, கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்த நல்ல சொதி. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். திருநெல்வேலிச் சைவ வீட்டுக் கல்யாணங்களில் மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற சாப்பாடு இது. இதைவிடப் பூர்வீகமான ஒன்றை எங்கள் ஜில்லாக்காரன் காட்டமாட்டான். ஆனால் அதில் மிதக்கிற காய் என்ன? உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ். என் பாட்டி தலைமுறை இவற்றுக்கு இங்கிலீஷ் காய்கறி என்றுதான் பெயர் வைத்திருந்தது. உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் காலத்துக்கு அப்புறம் வந்தவை. அதனால் சொதி போலி என்று ஆகிவிடாது. நேற்று வந்த காய்க்குப் பந்தியில் இடம் கொடுக்கத் தெரிந்த சமையல், மனுஷனுக்கு இடம் கொடுக்கத் தெரியாமல் இருந்தது என்பதுதான் விஷயம்.

போலந்துக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் க்ராக்கோவில் சாப்பிட்ட நிலவறைக் கடையைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருந்தார். செங்கல் வளைவுக் கூரை, மெழுகுவர்த்தி, முரட்டு மரமேஜை. அந்த ஊரின் பெரிய சதுக்கத்தைச் சுற்றி இப்படி நிறைய நிலவறைகள் இருக்கின்றன. அவற்றில் பல, கட்டும்போது நிலவறைகளே அல்ல. நூற்றாண்டுக் கணக்கில் தெரு மட்டம் உயர உயர, இடைக்காலத்துத் தரைத்தளங்கள் மண்ணுக்குக் கீழே போய்விட்டன. சரித்திரம் மேலே குவிந்ததால் கீழே போன அறையில் உட்கார்ந்து சரித்திரத்தைச் சாப்பிடுகிறார்கள். நண்பர் ஜூரெக் என்ற சூப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். ரை மாவைத் தண்ணீரில் கரைத்து நாள் கணக்கில் புளிக்கவைத்துக் காய்ச்சுவது. நம் நீராகாரத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று எனக்குப் பட்டது. பியெரோகி என்ற கொழுக்கட்டைக்குள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். அங்கேயும் உருளைக்கிழங்கு பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வயலுக்குப் பரவலாக வந்தது. அங்கேயும் அது இல்லாமல் பாரம்பரியம் இல்லை.

கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு இடம். அதே ஊரில் கஷிமியெஷ் என்று பழைய யூதர் பேட்டை ஒன்று இருக்கிறது. யுத்தத்துக்கு முன் க்ராக்கோவில் சுமார் 60,000 யூதர்கள் இருந்தார்கள். 1941இல் அவர்களை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சேரிக்குள் அடைத்தார்கள். 1943 மார்ச்சில் அந்தச் சேரியையும் காலி செய்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். இன்றைக்குக் கஷிமியெஷில் யூதர் பாணி உணவகங்கள் நிறைய. பழைய தையல் மிஷின், மங்கலான விளக்கு, வயலின் சங்கீதம். நடத்துகிறவர்களில் பெரும்பாலானோர் யூதர்கள் அல்ல. சாப்பிட வருகிறவர்கள் சுற்றுலாக்காரர்கள். நான் இரண்டையும் சமமாக நிறுத்தவில்லை. நடந்தவை வேறு, அளவு வேறு. ஆனால் மிலோஷையும் சிம்போர்ஸ்காவையும் மொழிபெயர்ப்பில் படித்த நமக்கு இது புரிய வேண்டும்: தட்டு, விளக்கு, ருசி எல்லாம் திரும்பி வந்துவிடும், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் திரும்பி வராது.

நெடுஞ்சாலைக் கடையில் தொங்காத படம் எது என்று யோசித்தால், பேட்டைக்கு மேற்கே அதே ரோட்டில் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

வ.வே.சு. ஐயர் 1922இல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். எப்படிப்பட்ட மனுஷர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும். லண்டனுக்கு பாரிஸ்டர் படிப்புக்குப் போய், இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு பழகி, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். கம்பனை ஹோமரோடும் மில்டனோடும் நிறுத்திப் பார்த்த முதல் பெரிய விமர்சகர். அந்தப் புத்தகத்தை அவர் எழுதியது சிறையில். குருகுலத்தில் படிப்போடு உடலுழைப்பும் உண்டு, பாலபாரதி என்ற பத்திரிகையும் அங்கிருந்து வந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, 5,000 கொடுத்தது. ஜாதி வித்தியாசம் இல்லாமல் தமிழர்கள் நன்கொடை கொடுத்தார்கள்.

இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்ற புகார் 1924 வாக்கில் கிளம்பிற்று. இரண்டே பேர். அவர்கள் பெற்றோர் அப்படிக் கேட்டார்கள், ஐயர் வாக்குக் கொடுத்துவிட்டார் என்பது அவர் தரப்பு. ஐயர் தாமே பொதுப்பந்தியில் உட்கார்ந்தவர் என்றும் சொல்வார்கள், நம்புவதற்குத் தடையில்லை. டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' பத்திரிகையில் விடாமல் எழுதினார். ஈ.வெ.ரா. காங்கிரஸுக்குள்ளிருந்து எதிர்த்தார். பொதுப்பணத்தில் நடக்கிற தேசிய ஸ்தாபனத்தில் இலை இரண்டு வகையா என்பது கேள்வி. 1925 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்த காந்தியிடம் விவகாரம் போயிற்று. இருக்கிற இரண்டு பையன்களின் பெற்றோர் விருப்பத்தை மதித்து விட்டுவிடலாம், இனிமேல் சேருகிறவர்களுக்குப் பொதுப்பந்தி என்ற மாதிரி ஒரு சமரசம் பேசப்பட்டது. தீண்டாமை ஒழிய வேண்டும் என்ற காந்தி, அதற்குச் சமபந்தி அவசியமில்லை என்று சொல்லிவந்த காலம் அது. ஏப்ரலில் திருச்சியில் காங்கிரஸ் கமிட்டி கூடியபோது, பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக்கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. ராஜாஜியும் சிலரும் கமிட்டியிலிருந்து விலகினார்கள். அந்த ஜூன் மாதம் பாபநாசத்தில், கல்யாணி தீர்த்த அருவியில், தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்து ஐயர் இறந்துபோனார். வயது 44. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டு அரசியல் போன பாதை எல்லோருக்கும் தெரிந்தது. அதன் ஒரு முனை, எங்கள் ஆற்றங்கரையில் ஒரு சமையலறையில் கிடக்கிறது.

சாம்ராஜ்யத்தோடு துப்பாக்கியால் மோதத் தயாராக இருந்த ஒருவருக்கு, இரண்டு பையன்களின் பெற்றோரிடம் முடியாது என்று சொல்ல முடியவில்லை. இதைக் கெட்ட எண்ணம் என்று சொல்லிவிடுவது சுலபம்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. கெட்ட எண்ணமாக இருந்தால் இவ்வளவு உறுத்தாது. தனி இலை அவருக்கு ஒரு சின்ன விஷயமாகப் பட்டிருக்கிறது, தாட்சண்யத்துக்கு உட்பட்ட விஷயமாக. அந்தப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அவன் என்ன நினைத்தான் என்று ஐயருக்குள் இருந்த கதாசிரியர் யோசித்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் வட்டத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். தமிழ்ச் சிறுகதையின் ஆரம்பம் என்று நாம் பெரும்பாலும் குறிப்பது 1915இல் ஐயர் எழுதிய 'குளத்தங்கரை அரசமர'த்தை. ஒரு மரம் சொல்கிற கதை. அர்பத்நாட் பாங்கி முறிந்து அப்பாவின் பணம் போனதால் வாழ்க்கை இழக்கிற ருக்மிணியின் கதை. (1906இல் நிஜமாகவே முறிந்த பாங்கி அது, இலக்கிய விமர்சகர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், வங்கி ஊழியனால் முடியாது.) ஐயரின் உத்தி, கம்ப ராமாயண ரசனை, தாகூரின் பாதிப்பு என்று எழுதி எழுதிப் பக்கம் தீர்ந்துவிட்டது. அந்தக் கட்டுரைகளில் சேரன்மாதேவி ஒரு வரி, அதுவும் துரதிருஷ்டமான சர்ச்சை என்ற வரி. குருகுலத்தைப் பற்றி எழுதுகிற அரசியல்காரர்களோ அவர் கதை எழுதினார் என்பதையே சொல்வதில்லை. இலக்கியத்துக்கு ஒரு பந்தி, சரித்திரத்துக்கு ஒரு பந்தி. தனி இலைச் சம்பிரதாயத்தை நாம் வேறு இடத்தில் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

புதுமைப்பித்தன் இதில் கெட்டிக்காரர். 1943இல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், ஊருக்கு வந்த கடவுளை அவர் முதலில் கோயிலுக்கு அனுப்பவில்லை, காப்பி ஹோட்டலுக்குள் கூட்டிக்கொண்டு போகிறார். இரண்டு பேர் அறிமுகம் ஆகாமலே எதிரெதிரே உட்காரக்கூடிய ஒரே இடம் பட்டணத்தில் அதுதான் என்று அந்தத் திருநெல்வேலிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

சம்பிரதாயத்தை மதித்துத்தான் தனி இலை போட்டார்கள் என்ற வாதம் 1925இல் சொல்லப்பட்டது, இன்றும் மெல்லிய குரலில் சொல்லப்படுகிறது. எந்தச் சம்பிரதாயம்? எங்களுக்குத் தெற்கே, அன்றைய திருவிதாங்கூரில், சாமித்தோப்பில் வைகுண்டசாமி எல்லா ஜாதிக்கும் ஒரே கிணறு, ஒரே பந்தி என்று நடத்தியது 1851க்கு முன்னால். அந்த ஆண்டு அவர் மறைந்துவிட்டார். வடலூரில் ராமலிங்க சுவாமிகள் தருமசாலை அடுப்பை ஏற்றியது 1867இல். யார் வந்தாலும் சோறு என்பது அதன் விதி. இவர்கள் இங்கிலீஷ் படித்தவர்கள் அல்ல, லண்டன் போனவர்கள் அல்ல. குருகுலத்துக்கு ஒரு பாரம்பரியம் வேண்டியிருந்தால் இதையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். பாரம்பரியம் என்பது பரண்மேல் கிடக்கிற பாத்திரங்கள். எதை இறக்கினோம் என்பதற்கு இறக்கியவர்தான் பொறுப்பு.

பிந்திய கதை சுருக்கமானது. 1950இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவில், ஜாதியைக் காட்டி எவரையும் தடுக்கக் கூடாத இடங்களின் வரிசையில் கடைகளோடு பொது உணவகங்களையும் சேர்த்தார்கள். உணவகம் என்ற சங்கதியை எழுதிவைக்க வேண்டிய நிலைமை நம் நாட்டில் இருந்திருக்கிறது. 1955இல் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் ஆயிற்று. அதன் பிறகும் 'பிராமணாள்' என்று பலகை போட்ட ஹோட்டல்கள் இருந்தன. உள்ளே யாரும் போகலாம், பலகை மட்டும் அப்படியே. 1957இல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் மறியலை ஆரம்பித்தார். மாதக்கணக்கில் தினமும் ஆட்கள் போய்க் கைதானார்கள். 1958இல் அந்தச் சொல் அழிந்தது. சொல்தானே, அதற்கா இவ்வளவு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. 2012இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கடைப் பலகையில் அதே சொல் திரும்பி வந்தபோது, திராவிடர் கழகம் மறுபடி போராட வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் பற்றிய புகார்கள் அதற்குப் பிறகும் வந்திருக்கின்றன. அவை கண்ணாடி டம்ளர்கள், பித்தளை அல்ல.

1925 கழிந்து நூறாண்டு ஆகிவிட்டது. ஐயருடைய கதைகளை யாராவது மறுபடி பதிப்பிப்பார்கள். முன்னுரையை நம்மில் ஒருவர்தான் எழுதப்போகிறார். அரசமரத்தையும் குருகுலத்துச் சமையலறையையும் அவர் ஒரே கட்டுரையில் வைத்து எழுதினால் படிக்க நான் தயாராக இருக்கிறேன். எழுதுகிறவர் பேட்டை ஸ்டேஷனில் ஏறினால் சேரன்மாதேவி அடுத்த ஸ்டேஷன்.