கைக்குட்டையில் தைத்த பெயர்கள்



1986 மார்ச் மாதம். நம் பெண்கள் விடுதியில் படிப்பு ஒரு பக்கம், ஆட்டோகிராப் ஒரு பக்கம். "அடியே, எனக்கு ரெண்டு பக்கமாவது எழுதணும், சொல்லிட்டேன்!" என்று வராந்தா முழுக்க ஒரே சத்தம். கடையில் வாழ்த்து அட்டை வாங்கக் கையில் காசு ஏது? பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்து, நாங்களே பிரிவு அட்டை செய்துகொண்டோம். எங்கள் அறைப் பக்கத்துத் தோழிகள் 12 பேரும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் அவரவர் பெயரைத் தைத்தோம். குலுக்கிப் போட்டதில் அது எனக்கு வந்தது.

இந்த வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழக மாணவர்கள் ஆசிரியரிடமும் நண்பரிடமும் கையெழுத்தும் நல்வாக்கும் வாங்கிச் சேர்த்தார்கள். மார்ட்டின் லூதரும் மெலாங்தனும் பாடம் சொன்ன இடம் அது. ஊர் விட்டு ஊர் போய்ப் படித்த மாணவனுக்கு அந்த நட்பேடு ஒரு அறிமுகச் சீட்டு மாதிரியும் உதவியது. ஆனால் பல்கலைக்கழகம் அன்று ஆண்களுக்கு மட்டும்தானே!

பெண்கள் கையில் இருந்தது ஊசியும் நூலும். 1840-களில் அமெரிக்காவில் பல குடும்பங்கள் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தன. போனால் திரும்பிப் பார்ப்போமா என்பதே நிச்சயமில்லை. தோழிகள் ஆளுக்கொரு துணிச் சதுரம் தைத்து, பெயர் எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துப் போர்வையாக்கிக் கொடுத்தனுப்பினார்கள். இரும்புச் சத்துள்ள பழைய மை துணியை அரித்துவிடும். அரிக்காத, அழியாத மை கிடைக்கத் தொடங்கியதும் இந்த வழக்கம் வேகமாகப் பரவியது. எழுத்து அழகாக உள்ள ஒருத்தியே எல்லார் பெயரையும் எழுதித் தந்ததும் உண்டு.

இதில் ஒரு சேதி கவனிக்கத்தக்கது. 1850-க்கு முந்தைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். மனைவி, மகள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. அந்தப் பெண்களில் பலருடைய பெயர் இன்று நமக்குத் தெரிவது இந்தப் போர்வைகளால்தான்.

"அது எங்கேயோ நடந்தது, நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள். சங்கத்துக்கு முகவரிப் பட்டியல் தயாரிக்க உட்கார்ந்தபோது எங்களுக்கும் இதே கதைதான். பதிவேட்டில் இருந்தது அப்பாவின் இனிஷியலும் அப்பா வீட்டு முகவரியும். கல்யாணமானதும் இரண்டும் மாறிவிட்டன. போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. ஒருத்தியின் ஊருக்கே போய்ப் பதிவேட்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. கைக்குட்டையில் அவள் தைத்திருந்த செல்லப் பெயரைச் சொன்னதும், "அட, நம்ம சின்னப்பொண்ணா!" என்று டீக்கடைக்காரரே வழி காட்டினார். இப்படி 7 பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். ஒருத்தி காலமாகிவிட்டாள். அவள் தைத்த நீல நூல் இன்னும் வெளுக்கவில்லை. மூவரை இன்னும் தேடுகிறோம்.

தங்கைகளே, தம்பிகளே! செல்போன் எண் மாறிப் போகும். ஒரு முழ வெள்ளைப் பருத்தித் துணியை எடுங்கள். முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள், அப்புறம் சுருங்காது. பெயர், செல்லப் பெயர், ஊர் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்துச் சங்கிலித் தையல் போடுங்கள். சிவப்பு நூலானால் சாயம் போகிறதா என்று முன்பே நனைத்துப் பார்த்துவிடுங்கள்.

தோழிகளே! பரணில் கிடக்கும் ஆட்டோகிராப் புத்தகத்தை, அட்டையை, கைக்குட்டையை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். நாங்கள் தேடும் பெயர் உங்கள் பக்கத்தில் இருக்கலாம்.