தோல் வாணிகமும் அரசின் ஆணையும்

வேலூர் வட்டாரத்துத் தோல் வாணிகத்தின் வரலாற்றைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் வணிகன் அல்லன். பொருளாதார நூல்களைத் துறைபோகக் கற்றவனும் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்று, 35 ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆயினும், ஆம்பூரில் ஒரு டேனரியில் கணக்கெழுதியவரின் மகன் என்ற ஓர் உரிமை எனக்கு உண்டு. அவ்வுரிமையைக் கொண்டே இன்று பேசத் துணிகிறேன்.

என் தந்தையார் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார். "நம் பிழைப்பைத் தொடும் ஆணையை எழுதுவோர், எழுதுவதற்கு முன் நம்மை ஏன் ஒரு வார்த்தை கேட்பதில்லை?" என்பதே அது. இவ்வட்டாரத்தின் தோல் வாணிக வரலாற்றை எந்தப் பக்கத்தில் புரட்டினாலும் இக்கேள்வி அங்கே எழுந்து நிற்பதைக் காணலாம்.

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் பாலாற்றின் இரு கரைகளிலும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுவதால் பேர் பெற்றன. 2019-ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின், இவை வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என்னும் மூன்று மாவட்டங்களில் அடங்குகின்றன. எல்லைகள் மாறினும் தொழில் ஒன்றே. ஆற்று மணலில் அக்காலத்தில் ஊற்று நீருக்குக் குறைவில்லை. சுற்றியுள்ள கரட்டு நிலங்களில் ஆவாரஞ்செடி மஞ்சள் பூத்துக் கிடந்தது. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. நீரும் பட்டையும் துறைமுகத்துக்கு வழியும் ஒருங்கே வாய்த்தபின் தொழில் தழைத்ததில் வியப்பில்லை.

பச்சைத் தோலை உப்பிட்டுக் கொணர்ந்து, நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிர் களைந்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் கிடத்தி, கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் பூசி உலர்த்துவர். இவ்வாறு பதமான தோலை வெளிநாட்டார் 'கிழக்கிந்தியத் தோல்' என்று அழைத்தனர். இலண்டனில் அது ஏலத்தில் விலைபோயிற்று. முதலாளிகளுள் பெரும்பாலோர் இசுலாமியப் பெருமக்கள். சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரை நின்று உழைத்தோருள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். உழைத்தவரைத் தள்ளிவைத்து, அவர் உழைப்பால் வந்த பணத்தை மட்டும் ஏற்றுக்கொண்டது சமுதாயம். இதனையும் வரலாறு மறக்கலாகாது.

இனி அரசின் ஆணைகளுக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னையில் பொறியியல் ஆசிரியராக இருந்தார். குரோம் உப்பால் தோல் பதனிடும் புதிய முறையை அவர் அரசாங்கச் செலவில் இங்கே புகுத்தினார். கிணற்றில் கவலை இறைக்கும் தோற்பைகள் விரைவில் அழுகிப்போவதைக் கண்டு, குரோம் தோலால் பை செய்தால் உழவர்க்கு நெடுநாள் உழைக்குமே என்று எண்ணியது அம்முயற்சியின் தொடக்கங்களுள் ஒன்று. முயற்சி பலித்தது. பலித்ததே அதற்கு வினையாயிற்று. அரசாங்கமே தொழில் நடத்தினால் தங்கள் வாணிகம் என்னாவது என்று சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்கள் முறையிட்டனர். 1910-ஆம் ஆண்டில் இந்தியா மந்திரி மார்லி பிரபு இலண்டனிலிருந்து ஆணை விடுத்தார். அரசாங்கம் தொழிலைக் கற்பிக்கலாம், நடத்தலாகாது என்பது அதன் சாரம். குரோம் தோல் முயற்சி அரசின் கையைவிட்டுப் போயிற்று. தனியார் கைக்கு மாறிய அத்தொழிலின் நினைவைச் சென்னைக்கு அருகிலுள்ள குரோம்பேட்டை இன்றும் தன் பெயரில் தாங்கி நிற்கிறது.

வணிகர் குரல் இலண்டன் வரை கேட்டது. கவலை இறைத்த உழவனின் குரல் வேலூரைக்கூடத் தாண்டவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், தாமஸ் ஹாலண்டு தலைமையில் ஒரு கைத்தொழில் கமிஷன் அமர்ந்தது. தொழில் வளர்ச்சியில் அரசாங்கம் நேராகப் பங்குகொள்ள வேண்டும் என்று அது 1918-இல் பரிந்துரைத்தது. 1910-இல் கூடாது என்றதை 1918-இல் வேண்டும் என்றனர். இடையில் போன காலத்துக்கு யார் பொறுப்பு?

முதல் உலகப்போரில் இராணுவ வீரரின் காலணிக்குத் தென்னாட்டுத் தோல் தேவைப்பட்டது. 1916 முதல் அரசாங்கமே அதனைக் கொள்முதல் செய்தது. போர் முடிந்தபின், 1919-இல், பதனிடாத தோலின் ஏற்றுமதிக்கு 15 சதவிகிதத் தீர்வை விதித்தனர். பச்சைத் தோல் உள்நாட்டிலேயே தங்கினால் நம் டேனரிகளுக்கு நன்மைதானே என்று இங்குள்ளோர் மகிழ்ந்தனர். ஆனால் அத்தீர்வைக்குள் ஒரு கள்ளவழி இருந்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் எங்கேனும் கொண்டுபோய்ப் பதனிட்டால், மூன்றில் இரண்டு பங்கு தீர்வை திருப்பித் தரப்படும் என்றனர். ஆம்பூரைக் காக்க வந்ததாகச் சொன்ன வேலி, இலண்டன் பெர்மாண்ட்சியின் தோல் தொழிலாளர்க்கு வாயிலைத் திறந்துவைத்தது. 1923-இல் சலுகையை நீக்கினர்; அத்துடன் தீர்வையையும் 5 சதவிகிதமாகக் குறைத்தனர். வேலி இட்டபோதும் எம்மைக் கேட்கவில்லை, பிடுங்கியபோதும் கேட்கவில்லை என்று தென்னாட்டு வணிகர் மனங்கசந்ததில் நியாயம் இருந்தது.

அந்நியர் ஆட்சி அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் கூறிக்கொள்ளலாம். நாம் வாக்களித்து அமைத்த ஆட்சியில் என்ன நடந்தது?

விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. பின்னாளில் அதன் இயக்குநரான டாக்டர் நாயுடம்மா, ஆராய்ச்சியைத் தொழிலாளியின் தொட்டிவரை கொண்டுசெல்ல அரும்பாடுபட்டார். அதுவரை நாம் பெரும்பாலும் அரைப்பதத் தோலையே வெளிநாட்டுக்கு அனுப்பிவந்தோம். அதனை வாங்கி மெருகேற்றிக் காலணியாக்கி மிகுந்த இலாபம் பெற்றவர் பிறநாட்டார். நெல்லை விற்றுவிட்டுச் சோற்றை விலைக்கு வாங்கும் குடும்பம்போல இருந்தோம். 1972-இல் சீதாராமய்யா குழு இதனை மாற்ற வழி கூறியது. மறு ஆண்டு முதல் அரைப்பதத் தோலின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு வரம்புக்குள் வந்தது. முழுப்பதத் தோலுக்கும் தோற்பொருள்களுக்கும் ஊக்கம் தரப்பட்டது.

கொள்கை நல்லது. இன்று திரும்பிப் பார்த்து அதனை உறுதியாகச் சொல்வேன். ஆனால் 1973-இல் எனக்கு வயது பன்னிரண்டு. அன்று எங்கள் வீட்டில் அது கொள்கையாக வரவில்லை, கவலையாக வந்தது.

என் தந்தையார் கணக்கெழுதிய டேனரி மிகச் சிறியது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தவிர வேறொன்றும் அங்கில்லை. முழுப்பதம் செய்ய வேண்டுமானால் தோலைப் பிளக்கவும் சீவவும் மெருகிடவும் இயந்திரங்கள் வேண்டும். அவற்றை அயல்நாட்டிலிருந்து தருவிக்க உரிமமும் வேண்டும், பெரும்பணமும் வேண்டும். ஒதுக்கீட்டில் பங்கு கேட்கலாமெனில், எங்கள் ஊர்ச் சிறு டேனரிகள் தங்கள் சரக்கைச் சென்னைப் பெரியமேட்டு மண்டிகள் வழியாகவே விற்றுவந்தன; ஏற்றுமதி செய்ததாகக் காட்டத் தம் பெயரில் ஒரு சீட்டும் இல்லை.

ஓரிரவு எங்கள் திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடினர். அரிக்கேன் விளக்கை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் சொல்லச் சொல்ல என் தந்தையார் ஆங்கிலத்தில் மனு எழுதினார். இயந்திரம் வாங்கத் தவணையும் கடனும் தந்தால் நாங்களும் அரசின் வழிக்கு வருகிறோம் என்பதே அவர்கள் வேண்டியது. கொள்கையை நீக்குமாறு ஒருவரும் கேட்கவில்லை. ஐந்து மாதங்கள் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது. மனு கிடைத்தது, கவனிக்கப்படும் என்றிருந்தது. பின்னர் ஒரு தேர்தலும் வந்துபோயிற்று. வாக்குக் கேட்டு வந்தவர்களுள் ஒருவர் அந்தப் பதிலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தில்லிக்குப் போனவுடன் முதல் வேலை இதுதான்" என்றார். அந்த முதல் வேலைக்கு அவருக்கு நேரம் வாய்க்கவே இல்லை.

இரண்டாண்டில் டேனரி மூடப்பட்டது. அதன் முதலாளி பிறருக்குக் கூலிக்குத் தோல் பதனிடுபவரானார். என் தந்தையார் ஒரு மளிகைக் கடையில் பாதிச் சம்பளத்துக்குக் கணக்கெழுதினார். என் அக்காளின் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. அந்த அக்காளின் மகளோ பிற்காலத்தில் ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகித் தன் குடும்பத்தைத் தாங்கினாள். இன்று இவ்வட்டாரத்தில் பல்லாயிரம் பெண்கள் அவ்வாறு உழைக்கின்றனர். 1973-இன் ஆணை விளைத்த நன்மை அது. தாய் இழந்ததும் மகள் பெற்றதும் ஒரே ஆணையால் வந்தவை. ஆதலின் கொள்கை பிழையென்று நான் சொல்லமாட்டேன். அது வந்த விதம் பிழை.

இத்துடன் நிறுத்தினால் நான் பாதி வரலாற்றையே சொன்னவன் ஆவேன்.

என் தாய்மாமனுக்கு ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றோரம் மூன்று ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. குரோம் முறை பரவப் பரவ, டேனரிக் கழிவு கலந்து கிணற்று நீர் உப்பாயிற்று. நெல் கருகியது, தென்னை குரும்பை உதிர்த்தது. 1980-களின் நடுவில் ஒரு பொங்கலன்று, என் தந்தையார் வழக்கம்போல் தம் கேள்வியைக் கேட்டார்: "ஆணை எழுதுமுன் நம்மை ஒரு வார்த்தை கேட்டார்களா?" மாமன் அமைதியாகச் சொன்னார்: "மாமா, உங்களைக் கேட்காமல் தில்லிக்காரர் எழுதினார் என்கிறீர்கள். கழிவை ஆற்றில் விடுமுன் என்னை யார் கேட்டார்கள்?" என் தந்தையாரிடம் பதில் இல்லை. சோற்றில் கைவைத்தபடி நெடுநேரம் இருந்தார். அதன்பின் அவர் அக்கேள்வியைப் பழைய உரத்த குரலில் கேட்டதில்லை.

ஏற்றுமதி பெருகவேண்டும் என்று ஊக்கமளித்த அரசுகள், கழிவு எங்கே போகும் என்று உரிய காலத்தில் கேட்கவில்லை. தொழில் நடத்தியோரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் குடிமக்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழாயிற்று என்ற ஆய்வுச் செய்தி அதில் இடம்பெற்றது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும் அது குறித்தது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும், கேடு வருமுன் காக்கவேண்டும் என்னும் இரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று நீதிமன்றம் உரைத்தது. டேனரி ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்டவேண்டும் என்றும், சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவை மூடப்படவேண்டும் என்றும் ஆணையிட்டது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் ஆணைகள் பிறப்பிக்க நேர்ந்தது. இடைப்பட்ட 28 ஆண்டுகளில் காரியம் முடியவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்க அரசாங்கம் இந்தியச் சரக்குகளின்மேல் 50 சதவிகிதத் தீர்வையை நடைமுறைக்குக் கொணர்ந்தபோது, ஆம்பூர்க் காலணித் தொழிலாளர் வீடுகளில் பழைய கவலை திரும்பிவந்தது. எங்கோ ஒருவர் இட்ட கையெழுத்து, இங்கே ஒரு பெண்ணின் வாரச் சம்பளத்தைத் தொட்டது. 1910-இல் இலண்டன்; 1973-இல் தில்லி; 2025-இல் வாஷிங்டன்.

நேயர்களே, அரசின் வாணிகக் கொள்கையைக் குறைகூறுவது எளிது. குறைகூற நமக்கு உரிமையும் உண்டு. ஆனால் இவ்வட்டாரத்தின் வரலாறு எனக்குக் கற்பித்தது இது: மக்கள் நட்டத்தைப் பொறுப்பார்கள். தங்களைக் கேளாமல் வந்த நட்டத்தை நெடுங்காலம் மறக்கமாட்டார்கள். ஆணை எழுதும் அதிகாரிக்கும் வாக்குக் கேட்கும் தலைவருக்கும் இது பொருந்தும். ஆற்றங்கரையில் தொழில் நடத்தும் நமக்கும் இது பொருந்தும்.

அந்த இரண்டு வரிப் பதில் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதனோடு மாமனின் கிணற்று நீரைச் சோதித்து எழுதிய சீட்டு ஒன்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். என்னிடம் பயின்ற பிள்ளைகளுக்கு வட ஆர்க்காட்டு வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் இரண்டையும் ஒருசேரவே எடுத்துக் காட்டினேன்.