இறந்தவர் சொத்துக்கு நிர்வாகி யார்? காஞ்சி வட்டாரத்தை முன்வைத்து ஒரு சட்ட வரலாறு

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டிய திருப்புட்குழியில் சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்தான் என்பது தலபுராணம். பெற்ற மகன் அல்லாதவன் மகனின் இடத்தில் நின்ற கதை அது. கொள்ளி வைத்தவனுக்கே சொத்தில் முதல் பேச்சு என்பது ஊர்வழக்கு. சட்டம் வேறு இரண்டைக் கேட்டது: சொத்தில் பங்குள்ளவர் யார்? கணக்குக் காட்டப் பொறுப்பேற்பவர் யார்? இவற்றில் இரண்டாவதே கனமானது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இந்த மண்ணுக்கு அது புதிய கேள்வியன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபை வாரியங்களுக்கான குடவோலைத் தேர்வுக்குத் தகுதி வகுத்தன: கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி 35க்கு மேல் 70க்குள் வயது. தகுதியின்மைப் பட்டியல் இன்னும் கூர்மையானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை, பேரன்னை, அத்தை, மாமன் மக்கள் பெயரும் குடத்தில் விழக்கூடாது. ஆனால் இது ஊர்ப்பொது நிர்வாகம்.

குடும்பத்துக்குள் நிலைமை நேர்மாறாக இருந்தது. இந்துச் சட்டத்தின் பழைய மிதாட்சர நெறியில் கூட்டுக் குடும்பத்து ஆண் இறந்தால் அவர் பங்கு எஞ்சிய பங்காளிகளைச் சேர்ந்தது. நிர்வகிக்கத் தனிச்சொத்தே மிஞ்சவில்லை. எல்லாம் குடும்பத் தலைவரான கர்த்தா கையில். மோசடியோ கையாடலோ காட்டினாலொழிய, அவரைப் பழைய வரவுசெலவுக்குக் கணக்குக் கேட்க முடியாது. பிரிவினை நாளில் இருப்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகி சென்னைக்குக் கப்பலேறி வந்தவர். 1726ஆம் ஆண்டு அரச சாசனம் மேயர் நீதிமன்றத்துக்கு, உயிலை உறுதிப்படுத்தும் புரொபேட்டும் நிர்வாகியை நியமிக்கும் நிர்வாகப் பத்திரமும் வழங்கும் அதிகாரம் தந்தது. 1794இல் உயில் எழுதி இறந்த பச்சையப்ப முதலியாரின் அறப்பணம் பல்லாண்டு வழக்கில் சிக்கியது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயன்று மீட்ட பிறகே 1842இல் அப்பணத்தில் பள்ளி திறந்தது. உயில் இருந்தும் கேட்பாரில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1865ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் முதன்மையாக ஐரோப்பியர், கிறித்தவர் முதலானோருக்கானது. மைனர், மனநலம் குன்றியவர் ஆகியோரோடு, கணவன் சம்மதம் பெறாத மணமான பெண்ணையும் அது நிர்வாகியாவதிலிருந்து விலக்கி வைத்தது. அந்த நிபந்தனை பின்னாளில் ஒழிந்தது. 1870, 1881ஆம் ஆண்டுச் சட்டங்கள் இந்துக்களையும் இம்முறைக்குள் கொண்டுவந்தன. 1925ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. அதன் 218ஆம் பிரிவின்படி, உயிலின்றி இறந்த இந்துவின் சொத்தில் பங்கு பெறக்கூடிய எவரும் நிர்வாகி ஆகலாம். பலர் கேட்டால் நீதிமன்றம் தேர்ந்தெடுக்கும். உரியவர் எவரும் வராவிட்டால் கடன் கொடுத்தவர்கூட வரலாம். பத்திரம் பெற்றவர் ஜாமீன் எழுதித் தர வேண்டும், 6 மாதத்தில் சொத்துப் பட்டியலும் ஓராண்டில் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். கர்த்தாவுக்கு இல்லாத சுமை இது.

இங்கே ஒரு நுட்பம். 218ஆம் பிரிவு தகுதியைப் பங்கோடு கட்டிவைத்ததால், பங்குரிமை விரிய விரிய நிர்வாகியாகும் தகுதியும் விரிந்தது. 1956இல் மகளும் தாயும் மகனோடு முதல் வகுப்பு வாரிசுகளாயினர். 1989இல் தமிழ்நாடு, அதற்கு முன் மணமாகாத மகள்களைப் பங்காளிகளாக்கியது. 2005இல் மத்தியத் திருத்தம் மகள்கள் அனைவருக்கும் அதை நீட்டியது. நிர்வாகி பற்றிய பிரிவில் கை வைக்காமலேயே தங்கை அண்ணனுக்குச் சமமான மனுதாரரானாள்.

ஆனால் திருப்புட்குழி போன்ற ஊர்களில் அந்த மனு அபூர்வம். 212ஆம் பிரிவு, உயிலின்றி இறந்த இந்துவின் வாரிசுகளுக்கு நிர்வாகப் பத்திரத்தைக் கட்டாயமாக்கவில்லை. இந்துக்களின் உயிலுக்கும் புரொபேட் கட்டாயம் இப்பகுதியில் நெடுங்காலம் சென்னை நகர எல்லையோடு நின்றது. ஊரில் எழுதி, ஊர் நிலத்தை மட்டும் சொல்லும் உயிலுக்கு அது வேண்டியிருக்கவில்லை; அதே உயிலில் மயிலாப்பூர் வீடு ஒன்று சேர்ந்தால், 2025இல் அக்கட்டாயம் நீங்கும்வரை, வேண்டியிருந்தது. ஆகவே கிராமத்தில் தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழும் பட்டா மாறுதலுமே நடப்பு. சான்றிதழ் பெயர்களை வரிசைப்படுத்துகிறது. குத்தகைப் பணத்தை வாங்கி வைப்பவர் யார், எவருக்குக் கணக்குச் சொல்வார் என்று அதில் ஒரு வரியும் இல்லை. பல ஆண்டு கழித்துத் தங்கை பாகப்பிரிவினை வழக்கு போடும்போதுதான் குத்தகை வரவைப் பற்றிய கேள்வி எழுகிறது. அதற்குள் ரசீதுகள் காணாமல் போயிருக்கும்.