கட்டட அனுமதியும் தள ஆய்வும் (தமிழ்நாடு)

ஒரு மனையில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரத்துக்கு, அண்டை மனையிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை வரைபடத்தில் முத்திரையிட்டு அரசு ஒப்புக்கொள்வதே கட்டட அனுமதி. பேச்சுவழக்கில் இது ‘பிளான் அப்ரூவல்’. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு அனுமதிகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது திட்ட அனுமதி. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 49ஆம் பிரிவின்படி விண்ணப்பித்துப் பெறுவது. நிலப் பயன்பாடு, தளப்பரப்பு, உயரம், சுற்றிலும் விடவேண்டிய திறந்தவெளி ஆகியவற்றைப் பார்க்கிறது. இரண்டாவது, உள்ளாட்சி அமைப்பு தரும் கட்டட உரிமம். நகரங்களில் இதற்கு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் அடிப்படை. சிறிய வீடு கட்டுபவருக்கு இரண்டும் ஒன்றாகவே வந்துவிடுவதால் வேறுபாடு தெரிவதில்லை. அடுக்குமாடி கட்டுபவருக்குத்தான் இவை இரண்டு வாசல்கள் என்பது புரியும்.

எந்த வாசலுக்குப் போவது என்பதைக் கட்டடத்தின் அளவு முடிவு செய்கிறது. 10,000 சதுர அடிக்குள், 8 வீடுகளுக்குள் அடங்கும் குடியிருப்புகளுக்கு உள்ளாட்சியே அனுமதி தரும் வகையில் அதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. அதற்கு மேற்பட்டவை சென்னைப் பகுதியில் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் (சிஎம்டிஏ), பிற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் (டிடிசிபி) போகும். 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல் என்று தடையின்மைச் சான்றுகளின் வரிசை அங்கே நீளும்.

சென்னைக்கு ஒன்று, பிற நகரங்களுக்கு ஒன்று, ஊராட்சிகளுக்கு ஒன்று என்று இருந்த விதிகளை 2019 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஒரே தொகுப்பாக்கின. இதன் மையம் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்எஸ்ஐ: எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனையின் பரப்பால் வகுத்தால் வரும் எண். உயர்மாடி அல்லாதவற்றுக்கு இது பொதுவாக 2, உயர்மாடிகளுக்கு 3.25.

ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம். 40 அடி அகலம், 60 அடி நீளம், 2,400 சதுர அடி. குறியீடு 2 என்றால் 4,800 சதுர அடி கட்டலாம் என்று மனக்கணக்கு சொல்லும். முன்புறம், பின்புறம், பக்கங்களில் விடவேண்டிய இடம், அதாவது ‘செட்பேக்’, வாகன நிறுத்தம், உயர வரம்பு எல்லாம் சேர்ந்து அந்தக் கணக்கைக் குறைத்துவிடும். குறிப்பாக எதிரே உள்ள சாலையின் அகலம். 30 அடிச் சாலை என்று மனை விற்றவர் சொல்லியிருப்பார். வருவாய்த் துறையின் புலப்படத்தில் அது 20 அடியாக இருந்தால் படத்தில் உள்ளதே செல்லும். பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றும் சரியாக இருந்தும் விண்ணப்பம் நிற்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

மனையே அங்கீகாரம் பெறாததாக இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. அதையடுத்து 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் தனி விதிகள் வந்தன.

தள ஆய்வு

அனுமதி தாளில் இருக்கிறது, கட்டடம் மண்ணில் எழுகிறது. இரண்டும் ஒன்றுதானா என்று பார்ப்பதே ஆய்வு. கட்டி முடிந்தபின் முடிவுச் சான்று பெறவேண்டிய கட்டடங்களில் பேஸ்மட்டம் எழும்பியதும் தகவல் தரவேண்டும். அந்தக் கட்டத்தில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சுற்றுச்சுவரின் உட்புறத்திலிருந்து பேஸ்மட்டத்தின் விளிம்பு வரை டேப்பைப் பிடித்தால் செட்பேக் எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும். குறைந்திருந்தால் இடிக்க வேண்டியது இரண்டு வரிசைக் கல். தூண் எழுந்து, தளம் போட்டு, பூச்சும் முடிந்தபின் அதே ஓர் அடிக் குறை வழக்காக மாறும்.

விதிமீறல் பெரும்பாலும் திருட்டுத்தனமாகத் தொடங்குவதில்லை. ‘மாடியில் மூன்றடி பால்கனி இழுத்துக்கலாம் சார், யாரு பார்க்கப் போறா’ என்று மேஸ்திரி சொல்வார். பக்கத் திறவிடத்தில் இரும்புப் படி ஏறும். கார் நிறுத்தத் தரைத்தளத்தில் ஷட்டர் இறங்கிக் கடையாகும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சிறியது. தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய வேண்டிய நாளில்தான் மொத்தக் கணக்கும் தெரியும். மீறல் உறுதியானால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின்படி அறிவிப்பு தந்து, வேலையை நிறுத்தி, பூட்டி முத்திரையிடலாம். 2011 அக்டோபர் இறுதியில் சென்னைத் தியாகராய நகரில் கடைக் கட்டடங்கள் பலவற்றுக்கு ‘சீல்’ வைக்கப்பட்டது இதன் பெரிய எடுத்துக்காட்டு.

கட்டி முடிந்தபின் தரப்படுவது முடிவுச் சான்று. மின், குடிநீர் இணைப்புகள் இதோடு பிணைக்கப்பட்டுள்ளன. 2019 விதிகள், 12 மீட்டர் உயரத்துக்குள் மூன்று வீடுகள் அல்லது 750 சதுர மீட்டருக்கு மிகாத குடியிருப்புகளுக்கு இதிலிருந்து விலக்கு தந்தன. அப்படிப்பட்ட வீடுகளைக் கடைசியில் யாரும் அளப்பதில்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

மௌலிவாக்கம்

2014 ஜூன் 28 மாலை, போரூரை ஒட்டிய மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். இடி விழுந்ததே காரணம் என்று முதலில் ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. விசாரணைக்கு நீதிபதி ஆர். ரகுபதி ஆணையம் அமைக்கப்பட்டது. அருகில் நின்ற இரட்டைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சரிந்த கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. திட்ட அனுமதி பார்ப்பது பரப்பையும் உயரத்தையும். தூணுக்குள் எத்தனை கம்பி, அடியில் என்ன மண் என்பதற்குக் கட்டுநரும் அவருடைய பொறியாளருமே பொறுப்பு என்பது அப்போதைய அரசுத் தரப்பின் நிலை. ‘அப்ரூவ்டு’ என்ற சொல்லைக் கேட்டு வீடு வாங்கும் குடும்பம் அதை உறுதிக்கான சான்றாகவே எடுத்துக்கொள்கிறது. சொல்லுக்கும் நம்பிக்கைக்கும் இடையிலான இந்த இடைவெளி இன்னும் மூடப்படவில்லை.

வரன்முறை

தமிழ்நாட்டில் கட்டட விதிகளுக்கு இணையாக மன்னிப்பின் வரலாறும் ஓடுகிறது. 1999 பிப்ரவரி 28-க்கு முந்தைய மீறல்களைக் கட்டணம் பெற்று ஏற்க நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரே முறை என்று சொல்லப்பட்ட சலுகை திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட, 2006இல் உயர் நீதிமன்றம் நீட்டிப்புகளைச் செல்லாதவை என்றது. பின்னர் 2007 ஜூலை 1-க்கு முந்தைய கட்டடங்களுக்காக 113-சி பிரிவு வந்தது. கட்டிவிட்டால் என்றைக்காவது ஒரு திட்டம் வரும் என்ற எண்ணத்தை மக்களிடம் வளர்த்தது இந்தச் சலுகைகள்தான்.

2024 ஜூலை 22 அன்று தொடங்கிய சுயசான்றுத் திட்டம் வேறு திசையில் செல்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமோ அதன்மேல் முதல் தளமோ சேர்த்து 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர், ஆவணங்களை ஒற்றைச்சாளர இணையதளத்தில் ஏற்றிக் கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே கிடைக்கும். முன் ஆய்வு இல்லை, முடிவுச் சான்றும் வேண்டியதில்லை. அலைச்சலும் காத்திருப்பும் போயின. தாளும் மண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் வேலை உரிமையாளரின் கைக்கே வந்துவிட்டது.

பெரிய கட்டடங்களில் பிடி இறுகியிருக்கிறது. 2024 டிசம்பர் 17 அன்று உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் பொருந்தும் வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது: முடிவுச் சான்றைப் பார்த்த பின்னரே மின், குடிநீர், கழிவுநீர் இணைப்பு, அதிகாரிகள் அவ்வப்போது தளத்துக்குச் சென்று ஆய்வைப் பதிவு செய்ய வேண்டும், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைக் கட்டுமானம் முடியும்வரை தளத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரும் இனி அந்தப் படத்தின் முன் நின்று, எழும்பும் மாடிகளை எண்ணிப் பார்க்கலாம்.