'செல்ஃப் எடுக்கலையா?' பழைய காரில் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றும் முன் இதைச் செக் பண்ணுங்க!

ஆவடியிலோ அம்பத்தூரிலோ காலையில் வேலைக்குக் கிளம்புகிறீர்கள். பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய ஆல்டோ, சான்ட்ரோ, வேகன் ஆர் மாதிரி ஒரு சின்ன கார். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். இன்ஜின் அசையவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "செல்ஃப் போச்சு சார், மோட்டாரை மாத்திடுங்க" என்கிறார்.

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் செல்ஃப் மோட்டார் மீது பழி விழும் பல கார்களில், உண்மையான கோளாறு பேட்டரியிலோ, பூத்துப்போன டெர்மினலிலோ, தளர்ந்த எர்த் ஒயரிலோதான் இருக்கும். புது மோட்டாருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே அதே 'டக்' கேட்டால்? அதனால் முதலில் சோதனை, பிறகுதான் செலவு.

சத்தமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்

'டக் டக் டக்' என்று வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் பேட்டரி டவுன் அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'டக்' கேட்டு அமைதியாகிவிட்டால் சொலினாய்டு, கார்பன் பக்கம் சந்தேகம் போகலாம். மோட்டார் 'வீய்ங்' என்று சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் சுற்றவில்லையா? மெக்கானிக்குகள் 'பெண்டிக்ஸ்' என்று சொல்லும் பல்சக்கர செட் வழுக்குகிறது. 'கர்ர்ர்' என்று உரசும் சத்தம் வந்தால், திரும்பத் திரும்ப முயற்சி செய்யாதீங்க. பல் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு எளிய சோதனை, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புவது. லைட் அப்படியே மங்கி அணைகிற மாதிரி ஆனால் பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்கள். அபூர்வமாக, உள்ளே இறுகிப்போன மோட்டாரும் இப்படிக் காட்டும். லைட் பளிச்சென்று எரிகிறது, சத்தமே இல்லை என்றால் மின்சாரம் மோட்டார் வரை போகவில்லை. ரிலே, இக்னிஷன் ஸ்விட்ச், அங்கே போகும் சின்ன ஒயர் என்று தேட வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் 'பி' அல்லது 'என்'-இல் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்க. சிரிக்காதீங்க, நடக்கிற விஷயம்தான்.

மல்டிமீட்டர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். இரவு முழுக்க நின்ற காரில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவுக்குக் காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி சார்ஜ்தான். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி மேலேயே சந்தேகப்படலாம். அடுத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எர்த் ஒயர் மாற்ற ஆகும் செலவு எங்கே, முழு மோட்டார் விலை எங்கே!

தள்ளி ஸ்டார்ட் செய்தவுடன் வண்டி கிளம்பிவிட்டால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். கியர் மாற்றி ஓட்டும் கார்களுக்கு மட்டுமே இது பொருந்தும். பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியைத் தள்ளினாலும் பயனில்லை. பெட்ரோல் பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரன்ட் வேண்டுமே.

உள்ளே என்ன நடக்கிறது?

சாவியைத் திருப்பியதும் மோட்டாரின் முதுகில் இருக்கும் சொலினாய்டு இரண்டு வேலை செய்கிறது. சின்ன பல்சக்கரத்தைத் தள்ளி ஃப்ளைவீல் ரிங்கோடு கோர்த்துவிடும். அதே நேரத்தில், பேட்டரியில் இருந்து வரும் தடித்த ஒயரை மோட்டாரோடு இணைக்கும். நூறு ஆம்பியருக்கு மேல் கரன்ட் பாய்கிற இடம் அது. வருஷக்கணக்கில் தீப்பொறி பட்டு அங்கே இருக்கும் செப்புக் கான்டாக்ட் அரிந்துபோகும். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேயும், புஷ் தளரும். அதாவது, பெரும்பாலும் தேய்வது சின்னச் சின்ன பாகங்கள்தான். கூடு, காயில், ஆர்மேச்சர் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

மோட்டாரைக் கட்டையால் மெதுவாகத் தட்டியதும் செல்ஃப் எடுக்கிறதா? கார்பன் முடியப்போகிறது என்பதற்கான அடையாளம் அது. கடை வரை போய்ச் சேர அந்த வைத்தியம் உதவும், அவ்வளவுதான்.

பாடிக்காரர்களுக்குத் தெரிந்த பெயர்

மேற்குச் சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸில் 'லூகாஸ்' என்று இறங்குகிறோமே, அந்த நிறுத்தத்துக்குப் பெயர் கொடுத்த லூகாஸ் டிவிஎஸ், 1961-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும்தான் அதன் அடையாளம். பாடி, அம்பத்தூர் எஸ்டேட், சி.டி.எச். சாலை வட்டாரத்தில் இந்த வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சம் இல்லை.

1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் எலக்ட்ரிக் செல்ஃப் வரும் வரை, முன்னால் நின்று ஹேண்டில் சுற்றித்தான் காரை எழுப்ப வேண்டும். இன்ஜின் திருப்பி உதைத்தால் கை முறியும். நம்மூர் அம்பாசிடரில் செல்ஃப் இருந்தும், அவசரத்துக்கு ஹேண்டில் போட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ரிப்பேரா, புதுசா?

கார்பன், புஷ், சொலினாய்டு, பெண்டிக்ஸ் இவற்றில் ஒன்றிரண்டு மட்டும் போயிருந்தால், நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கழற்றி சர்வீஸ் செய்வதே புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து. ஆர்மேச்சர் கருகிய வாடை அடித்தாலோ, கூடு விரிசல் விட்டிருந்தாலோ மாற்றிவிடுங்கள். புதுப்பேட்டையில் பழைய மோட்டார் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் பேட்டரி வைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லாமல் வாங்காதீங்க.

மாற்றுவதற்கு முன் டார்ச் அடித்து ஃப்ளைவீல் ரிங்கின் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ரிங் தேய்ந்திருந்தால் புது மோட்டாரின் பல்லையும் அது தின்றுவிடும். ரிங் மாற்ற கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்பதால் அந்தச் செலவு தனி.

கழற்றும்போது கவனம்

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பெரும்பாலும் இரண்டு மூன்று போல்ட்டில்தான் மோட்டார் நிற்கும். வேலை சின்னதுதான், ஆபத்து பெரிசு. முதலில் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட வேண்டும். மோட்டாருக்கு வரும் தடித்த ஒயர் பல கார்களில் ஃப்யூஸ் இல்லாமல் நேரடியாக வருகிறது. அதைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங் மாதிரி பொறி பறக்கும், கை வெந்துவிடும். காருக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க. ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே உள்ளே போங்க.

புது மோட்டாரைப் பழையதோடு பக்கத்தில் வைத்து, பற்களை எண்ணி, போல்ட் ஓட்டைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மோட்டார் உட்காரும் இடத்தில் துரு, கிரீஸ் இருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். மோட்டாருக்கு எர்த் கிடைப்பதே அந்த இரும்புத் தொடுப்பு வழியாகத்தான். செப்பு ஸ்டட்டின் நட்டை வெறித்தனமாக முறுக்கினால் சொலினாய்டு உள்ளேயே உடைந்துபோகும்.

மழைத் தண்ணீரில் நின்ற காரா? செல்ஃப் அடிக்காதீங்க

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி பகுதிகளில் தண்ணீரில் நின்ற கார்கள் பலருக்கு நினைவிருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் பொதுவாக இன்ஜினின் கீழ்ப்பகுதியில் இருப்பதால் முதலில் நனையும் மின் பாகங்களில் அதுவும் ஒன்று. சேறு உள்ளே போனால் புஷ் இறுகும், கான்டாக்ட் பச்சை பூக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் வேறு. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த இன்ஜினில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். தண்ணீரோடு ஸ்டார்ட் செய்ததால் வந்த இன்ஜின் சேதத்தைச் சாதாரண காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியைப் பாருங்கள். கார் நனைந்துவிட்டால் பேட்டரி மைனஸைக் கழற்றி, போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

பில் வாங்க மறக்காதீங்க. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பழைய 28 சதவீதக் கணக்கில் யாராவது போட்டால் கேளுங்கள். கழற்றிய பழைய மோட்டார் உங்களுடையது. அதைக் கடைக்காரரே வைத்துக்கொள்வதாக இருந்தால், அதற்கான தொகையை பில்லில் கழித்திருக்கிறாரா என்று பாருங்கள்.