கையும் சொல்லும்: ஒக்கினாவாவின் கராத்தே

கராத்தே ஜப்பானியக் கலை என்றே உலகம் அறிந்திருக்கிறது. அது உருவானது 1879இல் ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொள்ளும்வரை தனி அரசாக இருந்த ரியூக்யூ தீவுகளில். ஒக்கினாவா மக்கள் அதை 'தீ' என்றார்கள். கை என்று பொருள். சீன வணிகத் தொடர்பால் வந்த முறைகள் கலந்தபின் 'தோதீ', அதாவது சீனக் கை, என்ற பெயரும் வழங்கியது.

ஆயுதம் பறிக்கப்பட்ட உழவர்கள் சாமுராய்களை எதிர்க்க உருவாக்கியது என்ற கதை பிரபலம். ஆனால், பெயர் தெரிந்த பழைய ஆசான்களில் பெரும்பாலோர் ஷூரி அரண்மனையைச் சார்ந்த உயர்குடியினர். மட்சுமுரா சோகோன் மன்னர்களின் மெய்க்காவலர்.

இந்தக் கலையின் உடல் இயக்கவியல் முழுவதும் சில ஒக்கினாவாச் சொற்களில் அடங்கியிருக்கிறது. 'காமாக்கு' என்பது விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள பகுதி. அதைத் தாழ்த்தி இறுக்கும்போது, கால் தரையை உந்திய விசை இடையில் சிதறாமல் தோளுக்கு ஏறுகிறது. 'சின்குச்சி' என்பது அடி விழும் கணத்தில் மட்டும் அக்குள், முதுகு, விலாத் தசைகளைச் சேர்த்து இறுக்குவது. முன்கூட்டியே இறுக்கினால் வேகம் போய்விடும். தாமதித்தால் விசை மணிக்கட்டிலேயே மடங்கிவிடும். 'முச்சிமி' ஒட்டும் தன்மை. 'முச்சி' அங்கே பிசுபிசுப்பான அரிசி மாவுப் பண்டம்; அதுபோல எதிராளியின் கையோடு ஒட்டி அவன் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணர வேண்டும். மூன்றுக்கும் தசைபலம் இரண்டாம்பட்சம். ஒல்லியான கிழவர் ஓர் இளைஞனை நிலைகுலையச் செய்வதன் சூட்சுமம் இதுதான்.

இதோசு ஆன்கோ 1901 முதல் இக்கலையைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றார். 1908இல் அவர் எழுதிய பத்து அம்சக் கடிதம், தோளைத் தாழ்த்தி அடிவயிற்றில் வலுவைச் சேர்க்கச் சொல்கிறது. நல்ல போர்வீரர்களை உருவாக்க இது உதவும் என்றும் வாதிடுகிறது. ஒருவருக்கு ஒருவர் தொட்டுச் சொல்லித்தந்தது, வரிசையில் நின்று எண்ணிக்கைக்கு ஏற்பச் செய்யும் பயிற்சியானது. அதே காலத்துப் பள்ளிகளில்தான் தாய்மொழியில் பேசிய பிள்ளைகளின் கழுத்தில் தண்டனைப் பலகை தொங்கியது.

1922இல் ஃபுனாகோஷி கிச்சின் டோக்கியோவில் கற்பிக்கத் தொடங்கினார். 1936 அக்டோபர் 25இல் நாஹாவில் கூடிய ஆசான்கள், 'சீனக் கை' என்ற எழுத்தை விட்டு 'வெறுங்கை' என்ற எழுத்தை ஏற்றனர். சீனாவோடு போர் மூளவிருந்த காலம் அது. உச்சரிப்பு 'கராத்தே' என்றே நின்றது. வந்த வழி மட்டும் பெயரிலிருந்து அழிந்தது. 1945 போரில் ஷூரி அரண்மனையும் எரிந்தது. ஒக்கினாவா மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்தனர்.

2009இல் யுனெஸ்கோ ஒக்கினாவா மொழியை அழியும் ஆபத்திலுள்ள மொழிகளில் சேர்த்தது. உலகெங்கும் கராத்தே வகுப்புகளில் ஜப்பானிய மொழியில் எண்ணுகிறார்கள். காமாக்குவை ஜப்பானியத்திலும் ஒற்றைச் சொல்லில் பெயர்ப்பது கடினம். ஆசான் மாணவனின் விலாவில் கைவைத்து அழுத்தி, அந்தச் சொல்லையே சொல்ல வேண்டியிருக்கிறது. வீடுகளில் பேச்சு அருகிவரும் ஒரு மொழியின் சொல், இப்படி அந்நிய உடல்களில் பிழைத்துக் கிடக்கிறது. மொழி தப்பியது என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டால், விசை எங்கே சிதறுகிறது என்று காட்ட விரல் மட்டுமே மிஞ்சும்.